51ஆம் டிவிஷன் ரீல்: பெயரின் பொருளும் ஆடும் முறையும்

ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் என்னும் குழு நடன மரபில் ஆயிரக்கணக்கான நடனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயருக்கும் ஆட்டத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இருப்பதில்லை. ஒரு சீமாட்டியின் பெயரோ, ஓர் ஊரின் பெயரோ, வாசிக்கப்படும் மெட்டின் பெயரோ நடனத்தின் பெயராக நிலைத்துவிட்டிருக்கும். 'ரீல் ஆஃப் த ஃபிஃப்டி ஃபர்ஸ்ட் டிவிஷன்', அதாவது '51ஆம் படைப்பிரிவின் ரீல்' (ரீல் என்பது விரைவான மெட்டுக்கு ஆடும் நடனவகை), இந்தப் பொதுவழக்கிலிருந்து விலகி நிற்கிறது. எந்தப் படைப்பிரிவின் பெயரை அது தாங்கியிருக்கிறதோ, அந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்களே இரண்டாம் உலகப்போரில் போர்க்கைதிகளாக இருந்தபோது அதை இயற்றினார்கள். தங்கள் நாட்டுக் கொடியில் உள்ள சிலுவையை ஆடுபவர்களின் உடல்களாலேயே தரையில் வரையும்படி அதை அமைத்தார்கள். ஆகவே இந்த நடனத்தைக் கற்பவர் அடிகளையும் பெயரின் வரலாற்றையும் சேர்த்தே கற்பது நல்லது. நடுவிலுள்ள 16 பார்களில் (பார் என்பது இசையின் ஒரு தாள அளவு) ஏன் அவ்வளவு துல்லியம் வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கும்.

பெயர் வந்த வழி

51ஆம் ஹைலேண்ட் டிவிஷன் என்பது பிளாக் வாட்ச், சீஃபோர்த், கார்டன், கேமரன், ஆர்கைல் அண்ட் சதர்லண்ட் ஆகிய ஹைலேண்ட் ரெஜிமென்டுகளின் பட்டாலியன்களைக் கொண்டு அமைந்த ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு. சிவப்பு வட்டத்துக்குள் பொறித்த ஹெச், டி என்னும் இரண்டு எழுத்துகள் அதன் சின்னம். 1940ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் இந்தப் பிரிவு பிரான்சின் மாஜினோ அரண்வரிசைப் பகுதியில் பிரெஞ்சுத் தலைமையின் கீழ் நிறுத்தப்பட்டிருந்தது. அதனால், பிரிட்டிஷ் படைகள் டன்கர்க்கிலிருந்து கப்பலேறி ஜூன் 4ஆம் தேதி வரை தாயகம் திரும்பிக்கொண்டிருந்தபோது, இவர்கள் அங்கே இல்லை. சொம் ஆற்றங்கரையில் போரிட்டபடியே பின்வாங்கி, நார்மண்டிக் கடற்கரையில் இருக்கும் செயின்ட் வலேரி ஆன் கோ என்னும் சிறு துறைமுகத்தை அடைந்தார்கள். அங்கிருந்து அவர்களை மீட்டுச் செல்லக் கப்பல்கள் முயன்றன. கடல்மூட்டமும், துறைமுகத்தைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஜெர்மானியர் நிறுத்திவிட்ட பீரங்கிகளும் அந்த முயற்சியைத் தோற்கடித்தன. 1940 ஜூன் 12 அன்று மேஜர் ஜெனரல் விக்டர் ஃபார்ச்சூன், ஜெர்மானியத் தளபதி ரோமலின் 7ஆம் பான்சர் (கவசவண்டி) டிவிஷனிடம் சரணடைந்தார். ஹைலேண்ட் டிவிஷனைச் சேர்ந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 10,000 பேர் சிறைப்பட்டார்கள். வடக்கு ஸ்காட்லாந்தில் இந்தச் செய்தி எட்டாத ஊரே இல்லை என்று சொல்லலாம். ஒரே நாளில் ஒரு வட்டாரத்தின் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கைதிகளாகிப்போனார்கள்.

சிறைப்பட்டவர்கள் பல நாள் கால்நடையாகவும், பிறகு படகிலும் ரயிலிலுமாக ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதிகாரிகளில் பலர் பவேரியாவில் சால்சாக் ஆற்றின் கரையிலுள்ள லாஃபன் என்ற ஊரில் அடைக்கப்பட்டார்கள். சால்ஸ்பர்க் பேராயர்களின் பழைய மாளிகையே அங்கே முகாமாக மாற்றப்பட்டிருந்தது. ஆர்கைல் அண்ட் சதர்லண்ட் ஹைலேண்டர்ஸின் 7ஆம் பட்டாலியனைச் சேர்ந்த லெப்டினன்ட் ஜிம்மி அட்கின்சன், அந்த நெடுநடையின்போதே மனத்தில் உருவாகிவந்த ஒரு நடனத்துக்கு அங்கே வடிவம் கொடுத்தார். சீஃபோர்த் ஹைலேண்டர்ஸைச் சேர்ந்த பீட்டர் ஆலிவரும், பெர்த் நகரில் கன்ட்ரி டான்ஸ் சங்கப் பணியில் ஏற்கெனவே அனுபவம் பெற்றிருந்த லெப்டினன்ட் கர்னல் டாம் ஹாரிஸ் ஹன்டரும் அதைச் செப்பனிட உதவினார்கள். ஆணும் பெண்ணும் இணைந்து ஆடவேண்டிய நடனத்தை அங்கே ஆண்களே இருபுறமும் நின்று ஆடிப் பழகினார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நடனம் முதலில் செயின்ட் வலேரியின் பெயராலும், பின்னர் லாஃபனின் பெயராலும் வழங்கியது. கைதிகள் எழுதிய கடிதம் வழியாக ஆடும் முறை ஸ்காட்லாந்தை எட்டியது. அந்தக் குறிப்புகளைப் பார்த்த ஜெர்மானியத் தணிக்கையாளர்கள் அது ஏதோ ரகசியச் சங்கேதம் என்று ஐயுற்றார்கள் என ஒரு கதை நடனக் குழுக்களிடையே இன்றும் சொல்லப்படுகிறது. நடனக் குறிப்பைப் படித்துப் பழகாதவர் ஒருவருக்கு '1ஆம் ஜோடி செட் செய்து கீழிறங்கி முதல் மூலைகளை நோக்குக' என்பது அப்படித் தோன்றியிருந்தால் வியப்பில்லை.

1923ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் ஜீன் மில்லிகனும் ஃபாஸ்னக்லாய்ச்சின் இசபெல் ஸ்டூவர்ட்டும் தொடங்கிய ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் சங்கம், மறைந்துகொண்டிருந்த பழைய நடனங்களைத் திரட்டி அச்சிடுவதையே தன் முதன்மைப் பணியாகக் கொண்டிருந்தது. அந்தச் சங்கமே, வெற்றி நூல் என்று பெயரிட்டு 1945இல் வெளியிட்ட தன் 13ஆம் தொகுப்பில், சிறையில் புதிதாகப் பிறந்த இந்த நடனத்தைச் சேர்த்துக்கொண்டது. நிலைத்த பெயரும் அப்போது அமைந்தது. தோல்வி நேர்ந்த ஊரின் பெயரும் சிறை இருந்த ஊரின் பெயரும் உதிர்ந்து, படைப்பிரிவின் பெயர் மட்டும் எஞ்சியது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் அந்தப் பிரிவு செயின்ட் வலேரியோடு முடிந்துவிடவில்லை. 1940 ஆகஸ்டிலேயே அது மறுபடி அமைக்கப்பட்டு, எல் அலமெய்ன், சிசிலி, நார்மண்டி எனப் போரிட்டு, 1944 செப்டம்பர் தொடக்கத்தில் அதே செயின்ட் வலேரியை மீட்டது. அந்த இரு காலத்தவர்க்கும் பொதுவான பெயர் 51ஆம் டிவிஷன் என்பதுதான்.

இனிச் சிலுவையைப் பற்றி. ஸ்காட்லாந்தின் காவல் புனிதரான அந்திரேயா, எக்ஸ் வடிவில் சாய்ந்த சிலுவையில் அறையப்பட்டார் என்பது மரபு. நீல நிறத்தின்மேல் வெள்ளையாக அந்தச் சிலுவை குறுக்கே ஓடுவதே சால்டயர் என்னும் ஸ்காட்லாந்துக் கொடி. இந்த நடனத்தில் நால்வர் முதலில் ஒரு மூலைவிட்டக் கோட்டிலும், அடுத்து மற்ற மூலைவிட்டக் கோட்டிலும் கைகோத்து நிற்கிறார்கள். இரண்டு கோடுகளும் சேர்ந்தால் சால்டயர். காவலர்கள் சுற்றி நிற்கும் முற்றத்தில் தங்கள் கொடியை ஏற்ற வழியில்லாத மனிதர்கள் அதைக் காலால் வரைந்தார்கள்.

நிற்கும் ஒழுங்கும் அடிவகைகளும்

நான்கு ஜோடிகள் இரண்டு நீண்ட வரிசைகளில் எதிரெதிராக நிற்கவேண்டும். இசைக்குழு இருக்கும் பக்கத்தை மேற்பக்கம் என்போம். அரங்கின் கீழ்முனையில் நின்று இசைக்குழுவை நோக்கிப் பார்த்தால் ஆண்கள் இடப்பக்கத்திலும் பெண்கள் வலப்பக்கத்திலும் இருப்பார்கள். மேலிருந்து கீழாக 1, 2, 3, 4 என்று ஜோடிகளுக்கு எண் வழங்கப்படும். ஒரு சுற்றில் மூன்று ஜோடிகள் மட்டுமே ஆடும். நான்காம் ஜோடி தன் முறைக்காகக் காத்திருக்கும். வழிகாட்டும் ஜோடியாக முதலில் ஆடுவது 1ஆம் ஜோடி.

ஒரு சுற்றுக்கு 32 பார். மொத்தம் எட்டுச் சுற்றுகள். நடைமுறை வேகத்தில் ஒரு சுற்றுக்கு 35 விநாடிகளையொட்டி ஆகும். முழு நடனமும் ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

மூன்று அடிவகைகள் தெரிந்திருந்தால் போதும். இடம்விட்டு இடம் நகர்வதற்கு ஸ்கிப் சேஞ்ச்: சிறு துள்ளல், வலக்காலை முன்வைத்தல், பின்காலை அதன் பின்னே இணைத்தல், மறுபடி வலக்காலை முன்வைத்தல், இது ஒரு பார். அடுத்த பாரில் இடக்கால் தொடங்கும். நின்ற இடத்திலேயே ஆடுவதற்குப் பா டெ பாஸ்க்: வலக்காலின்மேல் மென்மையாகத் தாவி, இடக்காலின் முன்பகுதியை வலப்பாதத்தின் அருகே வைத்து எடையை ஒரு கணம் அதற்கு மாற்றி, மீண்டும் வலக்காலுக்குத் திரும்புதல். இதை வலமும் இடமுமாக ஒருமுறை செய்வதே 'செட் செய்தல்'. அதற்கு இரண்டு பார். வட்டத்தில் பக்கவாட்டாக நகர்வதற்கு ஸ்லிப் அடி; ஒரு பாருக்கு இரண்டு. பா டெ பாஸ்க் மட்டும் புதியவர்களுக்குச் சற்று வசப்படாமல் இருக்கும். நடனத்தைத் தொடங்குவதற்கு முன் அதைத் தனியே, சுவரைப் பிடித்துக்கொண்டாவது, பழகிவிடுவது நல்லது; ஏனெனில் சிலுவையின் இரண்டு கோடுகளும் அந்த அடியில்தான் நிற்கின்றன.

1 முதல் 8 வரை: கீழிறங்கி மேலேறுதல்

இசையின் முதல் ஒலிக்கு ஆண்கள் தலை வணங்குவார்கள். பெண்கள் முழங்கால் மடக்கி வணங்குவார்கள். அடுத்து 1ஆம் பார் தொடங்குகிறது.

1ஆம் ஜோடி இரண்டு பார்களில் ஒருவருக்கொருவர் செட் செய்கிறது. உடனே ஆண் தன் இடத்தோள் பக்கமாகவும், பெண் தன் வலத்தோள் பக்கமாகவும், அதாவது இருவருமே மேற்பக்கமாகத் திரும்பி வெளியேறி, தத்தம் வரிசையின் பின்புறமாகக் கீழே ஓடுகிறார்கள். இதுவே காஸ்ட் ஆஃப். அவர்கள் இடம் காலியானதும் 2ஆம் ஜோடி 3, 4ஆம் பார்களில் முதலிடத்துக்கு ஏறிவிடவேண்டும். 1ஆம் ஜோடி 3ஆம் ஜோடியையும் தாண்டிக் கீழே சென்று, நடுவில் சந்தித்து, வலக்கைகளைப் பற்றிக்கொண்டு, 3ஆம் ஜோடிக்கு நடுவே புகுந்து மேலே வருகிறது.

எட்டாம் பார் முடியும்போது அவர்கள் 2ஆம், 3ஆம் ஜோடிகளுக்கு இடைப்பட்ட நடுப்பகுதியில், தத்தம் முதல் மூலையை நோக்கி நிற்கவேண்டும். பெண்ணின் முதல் மூலை, மேலே இடப்பக்கத்தில் நிற்கும் 2ஆம் ஆண். ஆணின் முதல் மூலை, கீழே வலப்பக்கத்தில் நிற்கும் 3ஆம் பெண். ஆக, மேலேறி வரும் பெண் தன் துணையின் முன்னால் கடந்து இடப்பக்கம் செல்கிறாள். ஆண் பின்னோக்கித் திரும்பி வலக்கீழ்ப்புறத்தை நோக்குகிறான்.

இந்தப் பகுதியில் நேரம் போதாமல் போவதற்கு ஒரே காரணம்தான்: காஸ்ட் ஆஃப் செய்பவர்கள் அகலமாக வளைந்து ஓடுவது. ஆறு பார்களுக்குள் வெளியேறி, இறங்கி, சந்தித்து, ஏறியாகவேண்டும். வரிசையில் நிற்பவர்களின் முதுகை ஒட்டினாற்போல ஓடி, 3ஆம் ஜோடியின் தோளைத் தாண்டியவுடனே உள்ளே திரும்பிவிட்டால் நேரம் தாராளமாக இருக்கும். இங்கே தாமதித்தால் முதல் மூலைவிட்டக் கோடு அவசரத்தில் கோணலாகிவிடும். பிறகு அதைச் சரிசெய்ய இடமே இல்லை.

9 முதல் 24 வரை: சிலுவை

9, 10ஆம் பார்களில் 1ஆம் ஜோடி தத்தம் முதல் மூலைக்காரருக்குச் செட் செய்கிறது. மூலைக்காரர்களும் பதிலுக்குச் செட் செய்கிறார்கள். 11, 12ஆம் பார்களில் மூலைக்காரரின் வலக்கையைப் பற்றி அவரோடு சுழல்கிறார்கள். சுழன்று முடிக்கும்போது மூலைக்காரரின் கையை விட்டுவிடாமல், 1ஆம் ஜோடி நடுவில் தங்கள் இடக்கைகளைத் தமக்குள் கோத்துக்கொள்கிறது. இப்போது 2ஆம் ஆண், 1ஆம் பெண், 1ஆம் ஆண், 3ஆம் பெண் என நால்வரும் இடமேல் மூலையிலிருந்து வலக்கீழ் மூலை வரை ஒரே கோட்டில் நிற்கிறார்கள். அடுத்தடுத்து நிற்பவர்கள் எதிரெதிர்த் திசையை நோக்கியிருப்பார்கள். 13, 14ஆம் பார்களில் நால்வரும் அந்தக் கோட்டிலேயே செட் செய்கிறார்கள். இதற்குப் பேலன்ஸ் என்று பெயர். கொடியின் முதல் கோடு இது.

15, 16ஆம் பார்களில் மூலைக்காரர்களின் கைகள் விடுபடுகின்றன. அவர்கள் தங்கள் இடத்துக்குத் திரும்புகிறார்கள். 1ஆம் ஜோடி இடக்கைகளை விடாமல் நடுவில் சுழன்று, இரண்டாம் மூலைகளை நோக்குகிறது. பெண்ணின் இரண்டாம் மூலை, இடக்கீழ்ப்புறத்தில் நிற்கும் 3ஆம் ஆண். ஆணின் இரண்டாம் மூலை, வலமேற்புறத்தில் நிற்கும் 2ஆம் பெண்.

17 முதல் 22 வரை முன்பு செய்ததே திரும்பவும் நிகழ்கிறது: இரண்டாம் மூலைக்குச் செட், வலக்கைச் சுழற்சி, நடுவில் இடக்கைக் கோப்பு, கோட்டில் பேலன்ஸ். இந்தமுறை கோடு இடக்கீழ் மூலையிலிருந்து வலமேல் மூலைக்கு ஓடுகிறது. கொடி நிறைவடைகிறது. 23, 24ஆம் பார்களில் 1ஆம் ஜோடி இடக்கைகளால் சுழன்று, தத்தம் சொந்த வரிசையில் இரண்டாம் இடத்துக்கு வந்து சேர்கிறது.

நடனத்தின் உயிர் இந்தப் பகுதியில் இருப்பதால் இதன் நுணுக்கங்களைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

முதலாவது, கோடு நேராக இருப்பது. ஆடுபவர் யாருக்கும் தான் நிற்கும் கோடு முழுமையாகத் தெரியாது. தெரிவதெல்லாம் தன் இரண்டு கைகளின் திசைதான். வலக்கை மூலைக்காரரை நோக்கியும், இடக்கை துணையை நோக்கியும், இரண்டும் தோள் உயரத்தில் ஒரே நேர்கோடாக இருந்தால் கோடு தானாக அமையும். முழங்கை மிகவும் மடங்கினால் நால்வரும் நெருங்கிக் குவிந்துவிடுவார்கள். கை விறைத்து நீண்டால் பேலன்ஸ் அடியில் ஒருவரையொருவர் இழுப்பார்கள். முழங்கையில் ஒரு சிறு தளர்வு, விரல்களில் ஓர் உறுதி, இதுதான் அளவு.

இரண்டாவது, மூலைக்காரர்களின் பொறுப்பு. 1ஆம் ஜோடியே ஆட்டத்தை நடத்துவதால் மூலையில் நிற்பவர்கள் தங்களுக்குப் பெரிய வேலை இல்லை என எண்ணிவிடுவதுண்டு. உண்மையில் கோட்டின் இரு முனைகளையும் நிறுத்துபவர்கள் அவர்கள்தாம். சுழற்சியின் முடிவில் அவர்கள் தங்கள் வரிசைக்கே திரும்பிச் சென்று ஒட்டிக்கொண்டால் கோடு நெளிந்து எஸ் வடிவமாகும். நடுவை நோக்கி ஓரடி முன்வந்து, மூலைவிட்டத்திலேயே நின்று, இரண்டு பார் பேலன்ஸ் முடிந்த பிறகே வீடு திரும்பவேண்டும்.

மூன்றாவது, பேலன்ஸுக்குரிய இரண்டு பார்களையும் முழுமையாகக் கொடுப்பது. அடுத்த சுழற்சி காத்திருக்கிறதே என்ற பதற்றத்தில், இரண்டாவது பா டெ பாஸ்க்கிலேயே கையை விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்குபவர்கள் அதிகம். அப்போது கோடு தோன்றுவதற்கு முன்பே கலைந்துவிடுகிறது; பார்ப்பவர்களுக்கு வெறும் ஓட்டமும் சுழற்சியும் மட்டுமே தெரியும். அந்த இரண்டு பார்களில் இடம் நகராமல், தலை நிமிர்ந்து, கோட்டில் இருந்தே தீரவேண்டும். எதற்காக இந்த நடனம் இயற்றப்பட்டதோ அது நிகழ்வது அந்த நான்கு பார்களில்தான்: முதல் கோட்டில் இரண்டு, இரண்டாம் கோட்டில் இரண்டு.

பழகும்போது தரையில் நிறநாடாவால் எக்ஸ் வடிவை ஒட்டிக்கொள்வது மிகவும் பயன்படும். நாடாவின் நான்கு முனைகளும் 2ஆம், 3ஆம் ஜோடிகள் நிற்கும் இடங்களை நோக்கி இருக்கவேண்டும். முதலில் இசையின்றி நடந்தே இந்த 16 பார்களைச் செய்து, ஒவ்வொரு பேலன்ஸிலும் நால்வரும் அசையாமல் நின்று, தங்கள் பாதங்கள் நாடாவின்மேல் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். வெளியே நிற்கும் 4ஆம் ஜோடி இதற்கு நல்ல நடுவர்.

25 முதல் 32 வரை: வட்டம்

2ஆம், 1ஆம், 3ஆம் ஜோடிகளைச் சேர்ந்த அறுவரும் கைகோத்து, எட்டு ஸ்லிப் அடிகளில் இடப்பக்கமாகவும், எட்டு ஸ்லிப் அடிகளில் வலப்பக்கமாகத் திரும்பியும் வட்டமிடுகிறார்கள். இதில் சிக்கல் எதுவும் இல்லை. எட்டாவது அடியில் வேகத்தை அடக்கிக்கொண்டால் திசை மாறுவது இயல்பாக நடக்கும்.

சுற்று மாறுதல்

முதல் சுற்று முடியும்போது வரிசை 2, 1, 3, 4 என்று இருக்கும். 1ஆம் ஜோடி இரண்டாம் இடத்திலிருந்தே உடனே அடுத்த சுற்றைத் தொடங்கி, 3ஆம், 4ஆம் ஜோடிகளுடன் முழு நடனத்தையும் மறுபடி ஆடுகிறது. அது முடிந்ததும் மூன்றாம் இடத்தில் நிற்கும் அந்த ஜோடி, மேலே புதிய வழிகாட்டும் ஜோடி செட் செய்யத் தொடங்கும்போதே, வரிசைக்குப் பின்னால் நழுவி நான்காம் இடத்துக்கு இறங்கிவிடும். 4ஆம் ஜோடி ஓரிடம் மேலேறும். இப்படி ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை வழிகாட்டும் ஜோடியாக ஆடுகிறது. இரண்டாவது சுற்றைத் தொடங்க மறந்து வட்டத்தின் களிப்பிலேயே நின்றுவிடுவது புதிய குழுக்களில் வழக்கம். மேலிடத்தில் நிற்பவர்கள் கண்ணால் நினைவூட்டினால் போதும்.

பயிற்றுவிப்பவருக்கு

மூன்று ஜோடிகள் மட்டுமே கிடைத்தாலும் இதைக் கற்பிக்கலாம். ஒரு சுற்று முடிந்ததும் வழிகாட்டும் ஜோடியைக் கீழே அனுப்பிவிட்டு அடுத்த ஜோடி தொடங்கட்டும். ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டாலும் தடையில்லை. முதன்முதலில் ஆடியவர்கள் அனைவரும் ஆண்களே என்பதால், இந்த நடனத்தை அப்படி ஆடுவதற்குத் தனிப் பொருத்தமே உண்டு.

கற்பிக்கும் வரிசையில், முதல் எட்டு பாரிலிருந்து தொடங்காமல் 9ஆம் பாரிலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். 1ஆம் ஜோடியை நேரே நடுவில் நிறுத்தி, மூலைகளை அடையாளம் காட்டி, இரண்டு கோடுகளும் உறுதிப்பட்ட பிறகு, அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்வது என்று முதல் எட்டு பார்களைச் சேர்க்கலாம். எங்கே போய் நிற்கவேண்டும் என்று தெரிந்தவர்களுக்குக் காஸ்ட் ஆஃப் தானாகச் சுருங்கிவிடும்.

அரங்கில் நடனம் தொடங்குமுன் ஆட்டத்தை நினைவூட்டிச் சுருக்கமாகச் சொல்லும் வழக்கம் உண்டு. இந்த நடனத்துக்கு அதை இப்படிச் சொல்லலாம்: '1940இல் செயின்ட் வலேரியில் சிறைப்பட்ட ஹைலேண்ட் வீரர்கள் இயற்றிய ரீல் இது. 1ஆம் ஜோடி செட் செய்து, 3ஆம் ஜோடிக்குக் கீழே இறங்கி, வலக்கை பற்றி மேலேறி, முதல் மூலைகளை நோக்குக. செட் செய்து வலக்கையால் சுழன்று, கோட்டில் பேலன்ஸ். இடக்கையால் சுழன்று, இரண்டாம் மூலைகளுக்கும் அதே. இரண்டாம் இடத்துக்கு வந்து, அறுவர் வட்டம், இடமாகப் போய் வலமாகத் திரும்புக.'